நாற்பது வாங்கினால் பாஸ்

டாக்டரம்மா இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குள் தர்ஷினி பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"தர்ஷினி. பெருமாள். சத்யா. தர்மபுரி மாவட்டம். ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி. டெல்லி. மயில். புலி. ஆயிரம் கிராம் ஒரு கிலோ. வணக்கம் மேடம்."

ஒரே மூச்சு. கையைக் கட்டிக்கொண்டு, பார்வையை மின்விசிறியில் வைத்து, ராகம் போட்டுச் சொன்னாள். கடைசியில் வந்த வணக்கம் முதலில் வந்திருக்க வேண்டும். மற்றபடி ஒரு பிழை இல்லை.

கடத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாம் அது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பார்த்துச் சான்று கொடுப்பதற்காக ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரங்கட்டி மூன்று மேசை போட்டிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ போட்ட வகுத்தல் கணக்கு பாதி அழிந்து நின்றது. வராந்தா கொள்ளாத கூட்டம். பிஸ்கட்டும் பினாயிலும் கலந்த ஒரு வாடை.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தது திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புது ஆட்களிடம் எனக்கு அதுதான் வழக்கம். பக்கத்தில் நின்ற எங்கள் தெரு மாதப்பன்தான் வாயைத் திறந்தான்.

"இன்னும் இருக்குதுங்க மேடம். நெறம் கேளுங்க. ரோஸ் வரைக்கும் சொல்லும்."

தர்ஷினி பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். தலை கொள்ளாமல் கனகாம்பரம். இரண்டு கையிலும் டஜன் வளையல். அன்றைக்கு அந்த முகாமுக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல வந்த குழந்தை அவள் ஒருத்திதான்.

யாருக்கு யார்

தர்ஷினி என் தம்பி பெருமாளின் மகள். அப்போது பதினொரு வயது. அவளுக்கு எல்லாமே தாமதம். பிறந்தபோது அழுததே தாமதம் என்று சொன்னார்கள். மூன்று வயதில் நடந்தாள். நாலரை வயதில் பேசினாள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் வகுப்பு மாறியது. புத்தகம் மட்டும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

பெருமாள் போர்வெல் லாரியில் வடக்கே போகிறவன். பண்டிகைக்கு வருவான், நான்கு நாள் தூங்குவான், போய்விடுவான். அவன் மனைவி சத்யா ஓசூரில் ஒரு துணி கம்பெனியில் வேலை. அங்கேயே ஹாஸ்டல். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் பஸ் ஏறிய மறுநாள் தர்ஷினி சோறு தொடமாட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில்தான், "அத்தை, பசிக்குது" என்பாள்.

நான் பக்கத்து வீடு. கணவர் போன பிறகு பிறந்த ஊருக்கே வந்துவிட்டவள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் கொண்டு விட்டு, கூட்டி வந்து, சோறு போட்டுப் படுக்க வைப்பது எல்லாம் நான். செய்ய வருத்தமில்லை. ஆனால் எனக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அவளோ வளர்ந்துகொண்டிருந்தாள். இன்றோ நாளையோ பெரிய மனுஷி ஆகிவிடுவாள். அந்த நேரத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? இதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. சத்யாவுக்கும் அதேதான். ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தால் அடுப்பு எரிய வேண்டுமே.

டீச்சர் சொன்னது

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே கலைவாணி என்று ஒரு டீச்சர் வாரம் இரண்டு நாள் வருவார். ஒன்பது பள்ளிக்கூடம் அவர் ஒருவருக்கு. அதனால் ஸ்கூட்டியை அணைக்கமாட்டார், ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். அப்படியே கேட்டில் நின்றபடி ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"அம்மா, அடுத்த மாசம் கேம்ப் இருக்குதுங்க. நாப்பது சதவீதத்துக்கு மேல வந்துட்டா பாப்பாவுக்கு அட்டை குடுப்பாங்க, மாசா மாசம் உதவித்தொகையும் வரும். விட்றாதீங்க."

எவ்வளவு வரும் என்று கேட்க நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் ஸ்கூட்டி அடுத்த ஊர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் சத்யாவிடம் போனில் சொன்னேன். நாற்பதுதானே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அண்ணி, அது மட்டும் வந்துட்டா நான் வந்துடறேன். நூறு நாள் வேலைக்குப் போயி மிச்சத்தப் பாத்துக்கலாம்," என்றாள். பின்னால் ஹாஸ்டலில் குழாயடிச் சண்டை கேட்டது.

அடுத்ததாக மாதப்பனிடம் சொன்னேன். மாதப்பன் எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிறவன். அவனிடம் பேசுவது எனக்குச் சுலபம். ஏனென்றால் நம்மைப் பேச விடமாட்டான்.

"நாப்பதாக்கா? நாங்க பத்தாவது எழுதறப்ப முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு. இப்ப நாப்பது ஆக்கிட்டானுங்க. எல்லாத்துலயும் வெல ஏத்தற மாதிரி இதுலயும் ஏத்திட்டானுங்க."

பத்தாம் வகுப்புக் கணக்கை மாதப்பன் மூன்று தடவை எழுதியவன். பாஸ் மார்க் விஷயத்தில் அவனைவிட விவரம் தெரிந்தவர் எங்கள் தெருவில் கிடையாது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன். "ஏம்பா, நல்லாப் படிக்கற புள்ளைக்கு எதுக்கு அரசாங்கம் ஒத்தாசை பண்ணுது?"

"என்னக்கா நீ. ஸ்காலர்ஷிப் யாருக்குக் குடுக்கறாங்க? நல்லாப் படிக்கற புள்ளைக்குத்தான. மக்குக்கா குடுப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது.

உப்புக்கு ஒரு கேள்வி

மறுநாளிலிருந்து கடையில் படிப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் தர்ஷினி அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். யார் எது வாங்க வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது மாதப்பன் போட்ட சட்டம். "எண்ணெய் கால் லிட்டரு" என்று வந்தவர்கள், "தலைநகரம் எது கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணெய் வாங்கிப் போனார்கள். கறவை மாடு தொலைந்துபோய்த் தேடி வந்த ஒருவரையும் அவன் விடவில்லை. அவர் கண்ணில் நீரோடு, "தேசியப் பறவை என்னம்மா?" என்று கேட்டார்.

எண்ணுவதற்கு நான் புளியங்கொட்டை கொடுத்தேன். மாசி பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவோம் அல்லவா, கொட்டைக்குப் பஞ்சமில்லை. புளி தட்டுவதில் தர்ஷினியை யாரும் மிஞ்ச முடியாது. ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரித்துத் தள்ளிவிடுவாள். ஆனால் எண்ணச் சொன்னால் பன்னிரண்டு வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே ஏதோ பள்ளம் இருப்பது போல நின்று, திரும்ப ஏழுக்குப் போய்விடுவாள்.

"பன்னெண்டுக்கு மேல என்ன கண்ணு?"

"போதும் அத்தை. இவ்வளவு கொட்டைய வெச்சு என்ன பண்ணப் போற?"

எதற்கு முன்னால் எது வரும் என்று குழம்பாமல் இருக்க, மாதப்பன் எல்லாப் பதிலையும் ஒரே மாலையாகக் கட்டிவிட்டான். பெயரில் ஆரம்பித்தால் ஒரு கிலோவில் முடியும். கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு அவனுக்கு ஏன் மூன்று தடவை ஆனது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆபீசர் வந்தால்

எங்களைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக வேலை செய்தவள். அந்த அடுப்பைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் முன்பே எழுதிவிட்டேன். அங்கே நான் படித்த பாடம் ஒன்று. ஆபீசர் வருகிறார் என்றால் பாத்திரம் பளிச்சென்று இருக்க வேண்டும், சாம்பாரில் காய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வகுப்பில் முன்வரிசையில் படிக்கிற பிள்ளை உட்கார வேண்டும். யாரும் ஆபீசரைக் கூப்பிட்டு ஓட்டைப் பாத்திரத்தைக் காட்டமாட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்து வருஷத்திலும் இன்ஸ்பெக்டர் வந்த நாளில் நான் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவள். படிப்பு வராததால் இல்லை. கேட்டால் வாய் திறக்கமாட்டேன் என்பதால்.

இந்த வாய் திறக்காத கதை என் கல்யாணத்திலும் வந்தது. முதலில் பென்னாகரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. என் அம்மா என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். களி கிண்டினால் கட்டி தட்டாது, நடவு நட்டால் கயிறு பிடித்தது போல இருக்கும், இருட்டில் கிணற்றுக்குப் போகப் பயமில்லை. எனக்கு இருட்டில் வாசலுக்குப் போகவே பயம். வந்தவர்கள் கடைசியில், "எல்லாஞ் சரிங்க, பொண்ணு பேசுமுங்களா?" என்றார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான், "ம்" என்றேன். அவர்கள் நல்லவர்கள். காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு எனக்கு வாய்த்தவரும் பேசாதவர். நாங்கள் இருபத்தாறு வருஷத்தில் பேசிய பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். சண்டையே வந்ததில்லை. வந்திருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பெண்ணைப் பற்றி வெளியாள் கேட்டால் உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாலோடு வந்தது.

மேசைக்கு முன்னால்

அந்த முகாமில் அதுதான் நடந்தது. தர்ஷினியின் மாலை முடிந்ததும், டாக்டரம்மா ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தார். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழி வெட்டிய பலகை. கட்டைகளை அந்தந்தக் குழியில் போட வேண்டும். தர்ஷினி நட்சத்திரத்தை வட்டத்தில் வைத்துக் கையால் குத்தினாள். பிறகு வளையல் உடைந்துவிடும் என்று நிறுத்திவிட்டாள். மாதப்பன் இருமினான். அவள் நிமிர்ந்து, "டெல்லி" என்றாள்.

அதன் பிறகு டாக்டரம்மா எங்களிடம் கேட்க ஆரம்பித்தார். நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லையாம். குழந்தைகளின் புத்தி வளர்ச்சியை அளந்து பார்க்கப் படித்தவராம்.

"தானா குளிச்சுக்குவாளா?"

"குளிக்கும்ங்க," என்றான் மாதப்பன். "காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

குளிப்பாள். நான் நின்று ஊற்றினால்.

"தனியா கடைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வருவாளா?"

"நம்ம கடைக்குத்தானுங்க தெனமும் வருது."

வருவாள். நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்.

"ரோடு தாண்டுவாளா?"

"அதெல்லாம் சிட்டாட்டம் தாண்டும்ங்க."

"நீங்க பாப்பாவுக்கு என்ன வேணுங்க?"

"நான் கடைங்க," என்றான் மாதப்பன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அவர் சொன்னதெல்லாம் சரியா?"

தர்ஷினி என்னை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு பூ வைத்துக்கொண்டு, அவ்வளவு வளையல் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். நான், "ம்" என்றேன்.

வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அந்த ஒரு எழுத்து என்னை ஏமாற்றியது. சான்று வந்தபோது அதில் இருபத்தைந்து சதவீதம் என்று இருந்தது.

ஃபெயில்

தெருவே துக்கம் கேட்டது. "நாப்பதுக்கு இருவத்தஞ்சுதான் வந்துச்சாம். பாவம், நல்லாத்தான சொல்லுச்சு," என்றார்கள். மாதப்பன் இரண்டு நாள் கடையில் சரியாகப் பேசவில்லை. சத்யா போனில், "பரவாயில்ல அண்ணி, அழாதீங்க," என்றாள். நான் அழவில்லை. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்பப் பஸ் ஏறும்போது தர்ஷினி, "எப்ப வருவ?" என்று கேட்டதற்கு அவள் பிள்ளையின் வளையலைச் சரிசெய்துவிட்டுப் படியேறினாள்.

மூன்றாம் நாள் மாதப்பன் தேறிவிட்டான். "பதினஞ்சு மார்க்குலதான்க்கா போச்சு. இன்னொரு தடவ எழுதலாம். எனக்குத் தெரியாததா? இந்தத் தடவ வாய்ப்பாடு சேத்துக்கலாம்."

ஆகவே படிப்பு பலப்பட்டது. இரண்டாம் வாய்ப்பாடு. மாதங்கள். நதிகள். அரிசி மூட்டை மேல் தர்ஷினி கம்பீரமாக வீற்றிருந்தாள். அவளுக்கு இது பிடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தேன்மிட்டாய் என்று மாதப்பன் வைத்திருந்தான். ஒரு நாள் கலைவாணி டீச்சர் கடைப்பக்கம் வந்தபோது, அவள் காவிரியில் ஆரம்பித்து, "ஈரெண்டு நாலு, வணக்கம் மேடம்" வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"என்னங்க இது?" என்றார் டீச்சர்.

மாதப்பன் விவரமாகச் சொன்னான். முதல் பரீட்சை, இருபத்தைந்து, பதினைந்து குறைந்தது, அடுத்த பரீட்சைக்கு வாய்ப்பாடு. டீச்சர் ஸ்கூட்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அன்றைக்குத்தான் அவருக்கு அவ்வளவு நீளமான சடை இருப்பதே எனக்குத் தெரிந்தது. பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். இல்லை.

"அது மார்க் இல்லீங்கம்மா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாப்பாவுக்கு எவ்வளவு ஒத்தாசை வேணும்னு அளந்து போடறது. ஜாஸ்தி வேணும்னா ஜாஸ்தி போடுவாங்க. நீங்க ஒத்தாசையே வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

மாதப்பன் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்துக் கீழே வைத்தான். "அப்ப, ஃபெயிலானாத்தான் பாஸுங்களா டீச்சர்?"

"இது பரீட்சையே இல்லீங்க."

"புரியுதுங்க, புரியுதுங்க. அப்ப இனிமேட்டு தப்பாச் சொல்றதுக்குப் பழக்கிடலாம். ரெண்டு வாரம் குடுங்க."

"ஒண்ணும் பழக்க வேணாம். மறுபடி அளக்கச் சொல்லி நான் எழுதித் தரேன். அம்மாவும் பாப்பாவும் மட்டும் போனாப் போதும். நீங்க அந்தப் பக்கமே வர வேணாம்."

மாதப்பனுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "நானு இந்த ஒரு மாசமா எத்தன டப்பா தேன்மிட்டாய்…" என்று ஆரம்பித்து, டீச்சர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

டீச்சர் கிளம்பும்போது என்னிடம், "உள்ளத உள்ளபடி சொல்லுங்கம்மா, போதும்," என்றார்.

போதும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொய் சொல்வதற்கு ஒரு 'ம்' போதுமாயிருந்தது. உள்ளதைச் சொல்வதென்றால் வாயைத் திறந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம், இந்தப் பிள்ளைக்கு இது வராது, அது வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதுவும் அவளை வைத்துக்கொண்டு. பதினொரு வருஷத்தில் அவள் காதில் ஒரு தடவைகூட 'உனக்கு வராது' என்று நான் சொன்னதில்லை. தெருவில் யாராவது சொன்னால் அவர்கள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்தி நிறுத்தி, தண்ணீர்க் குழாய்க்குப் போக எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி

மறுபடி அளக்க எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை பட்டுப்பாவாடை வேண்டாம் என்று பள்ளிக்கூடத்து யூனிபாரம் போட்டுவிட்டேன். தர்ஷினி ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கடைசி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வளையல் மட்டும் இருக்கட்டும் என்று ராஜியானோம்.

உள்ளே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். என் சத்துணவில் சாப்பிட்ட பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அதே மரப்பலகையைக் கொடுத்தார், படம் காட்டினார், பொறுமையாக இருந்தார். தர்ஷினி எல்லாப் படத்துக்கும் பதில் சொன்னாள். ஒட்டகத்தைக் கழுத்து வலி வந்த மாடு என்றாள். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பிறகு என் முறை.

"தலை தானா சீவிக்குவாளாம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். புதுசாகப் போட்ட டைல்ஸ். எண்ணினேன்.

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "பாப்பாவ வெளிய உக்கார வெச்சுட்டுப் பேசலாமாம்மா?" என்றார்.

"நான் போ மாட்டேன். இங்க ஃபேன் ஓடுது," என்றாள் தர்ஷினி. பிறகு அவளே தொடர்ந்தாள். "தலை சீவத் தெரியாது சார். அத்தைதான் சீவும். சிக்கு எடுக்கறப்ப வலிக்கும். நான் கத்துவேன்."

நான் திடுக்கிட்டு, "கொஞ்சங் கொஞ்சம் சீவுவா சார்," என்றேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. அதுவும் பொய்க்கு.

"இல்ல சார். அத்தை பொய் சொல்லுது. ஒரு நாளு சீப்பு முடியில மாட்டிக்கிச்சு. கத்திரிதான் எடுத்துது."

தம்பி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "குளிக்கறது?"

"சொம்புல மோந்து ஊத்தத் தெரியும். சோப்பு கண்ணுல போயிடும். அத்தை வேணும்."

"கடைக்குப் போவியா?"

"கடை மாமா கடைக்குப் போவேன். காசு குடுத்தா மாமா எடுத்துக்கும். மிச்சம் எவ்வளவுன்னு தெரியாது. மாமா நல்லவரு, குடுத்துடும்."

"ரோடு?"

"தெரியாது சார். ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லுவாங்க. நான் பாப்பேன். பஸ்ஸு வரும். பஸ்ஸயே பாத்துக்கிட்டு இருப்பேன்."

இப்படியே போனது. பொத்தான் போட வராது, பசி வந்தால் அடுப்பைத் தொடக் கூடாது, கூட்டத்தில் தொலைந்தால் அழத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போல் காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள். ஒரு வெட்கமில்லை, ஒரு வருத்தமில்லை. இத்தனை வருஷமாக நான் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருந்த ரகசியம் அவளுக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. அது ரகசியம் என்பது மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

கடைசியில் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். "அத்தைக்கும் ரோடு தாண்டத் தெரியாது சார். என் கையத்தான் புடிச்சுக்கும். ஏடிஎம் தெரியாது. ஓட்டு போடற எடத்துல பேரு கேட்டா சொல்லாது. அத்தைக்கு எவ்வளவு போடுவீங்க?"

தம்பி பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைய அப்புறம் பாக்கலாம்," என்று அதற்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் பேசினேன். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து சுவருக்கு ஏறும் வரை பேசினேன். அவள் விட்டதை நான் சொன்னேன், நான் விட்டதை அவள் சொன்னாள். நடுவில் அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சத்யா வந்தாள்

ஐம்பது சதவீதம் என்று சான்று வந்தது. கொஞ்ச நாளில் அட்டையும் வந்தது. அதிலிருந்த போட்டோவில் தர்ஷினி வளையல் தெரிய வேண்டும் என்று கையை மேலே தூக்கியதில் பாதி முகம்தான் இருக்கிறது. மாதப்பன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாய்ப்பாடு சேத்தது நல்லதாப் போச்சு," என்றான். விட்டுவிட்டேன்.

பல தடவை தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் நடந்த பிறகு முதல் மாத உதவித்தொகை விழுந்தது. அந்த வாரமே சத்யா வந்து இறங்கினாள். பெரிய சிவப்புப் பை, ஜிப் போட்டது, கொள்ளாத அளவு துணி. என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஒரு மாசம் லீவுதான் அண்ணி சொல்லிட்டு வந்திருக்கேன். பணம் அடுத்த மாசமும் ஒழுங்கா விழுதான்னு பாக்கணும். விழலைன்னா போயித்தான ஆகணும். புள்ளைகிட்ட இப்ப சொல்ல வேணாம்."

நான் வாய் திறக்கவில்லை. சத்யாவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் சொல்லாததை அந்தப் பிள்ளை எப்படியோ தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

நான்காம் நாள் காலையில் சத்யா மாற்றுத்துணி எடுக்கப் பையைத் தேடினாள். கட்டிலுக்கடியில் இல்லை, பரண் மேலும் இல்லை. அவள் துணியெல்லாம் கேழ்வரகு டிரம்முக்குள் சுருட்டித் திணித்துக் கிடந்தது. பை மட்டும் இல்லை.

கடைசியில் வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் மூலையில் இருந்தது. வாயை அகலத் திறந்து வைத்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் என் கருங்கோழி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக அடைகாக்க இடம் தேடிக் கொக்கரித்துக்கொண்டிருந்த கோழி. அதை உட்கார வைக்க நான் ஒரு கூடைக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

தர்ஷினி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "தொடாத. அடியில முட்ட இருக்குது."

"யாரு கண்ணு வெச்சது?"

"நாந்தான்."

"என் பையிலயா வெக்கறது? எத்தன நாளாகும் அண்ணி இது?"

"இருபத்தோரு நாளு," என்றேன்.

"அப்புறம் குஞ்சு வரும்," என்றாள் தர்ஷினி. "அதுங்களுக்குப் படுக்க எடம் வேணும். அப்புறம் அதுங்க பெருசாவும். அப்புறம் அதுங்க முட்ட வெக்கும்."

பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளை. சத்யா பையின் பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். கோழி உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, அங்கேயே விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து கம்பெனிக்குப் போட்டாள்.

"அக்கா, நான் சத்யா பேசறேன். எம் பேர எடுத்துடுங்க. நான் இனி வரலீங்க."

அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள்.

"பையில கோழி உக்காந்திருக்குதுங்க," என்றாள்.